குவாரிக் குழியை மூடும் திட்டம்: முதல் வெடிக்கு முன்பா, கடைசி லோடுக்குப் பிறகா?

தமிழ்நாட்டில் ஒரு கல்குவாரி தொடங்கும் முன் இரண்டு கட்டுக் காகிதங்கள் தயாராகின்றன. ஒன்று சுரங்கத் திட்டம். தகுதி பெற்ற சுரங்கப் பொறியாளரோ புவியியலாளரோ எழுதி, கனிமவளத் துறையில் ஒப்புதல் வாங்குவது. வேலை முடிந்தபின் குழியை என்ன செய்வது என்று சொல்லும் மூடல் திட்டம் அதன் கடைசிப் பக்கங்களில் இருக்கும். இன்னொன்று சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை. அதை அங்கீகாரம் பெற்ற ஆலோசனை நிறுவனம் எழுதும். மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்குப் போகும். எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள்.

இரண்டையும் ஒரே மேசையில் விரித்து வைத்துப் படித்தால் சிக்கல் எங்கே என்று புரிந்துவிடும். மூடல் பக்கத்தில், "குத்தகை முடிந்தபின் குழி மழைநீர்த் தேக்கமாகப் பயன்படும்" என்றிருக்கும். மதிப்பீட்டு அறிக்கையின் நீர் அத்தியாயத்தில், "குழியின் அடிமட்டம் நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலேயே இருப்பதால் ஊற்று வராது, வெளி மழைநீர் உள்ளே வராதபடி சுற்று வாய்க்கால் வெட்டப்படும்" என்றிருக்கும். ஊற்றும் இல்லை, ஓடிவரும் நீரும் இல்லை என்றால் தேக்கத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? தனித்தனியாகப் படித்தால் இரண்டு வாக்கியமும் சரி. சேர்த்துப் படித்தால் ஒன்று பொய்யாகிவிடும்.

ஆகவே குத்தகைதாரரும் ஊராட்சியும் எடுக்க வேண்டிய முடிவு இரண்டு. மூடல் திட்டத்தை எப்போது எழுதுவது? குழியை என்னவாக விட்டுச் செல்வது? முதல் கேள்விக்கான பதில் இரண்டாவதைப் பெருமளவு தீர்மானித்துவிடுகிறது.

ஒரு ஹெக்டேர் கணக்கு

100 மீட்டருக்கு 100 மீட்டர் பட்டா நிலம் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துப் பட்டாவுக்கு 7.5 மீட்டர் பாதுகாப்பு இடைவெளி விட வேண்டும். நான்கு பக்கமும் விட்டால் வெட்டக்கூடிய சதுரம் 85க்கு 85 மீட்டர். இங்கே சுரங்கத் திட்டங்களில் வழக்கமாகக் காட்டுவது 5 மீட்டர் உயரம், 5 மீட்டர் அகலப் பெஞ்சு, அதாவது சுவரில் படிக்கட்டுபோல வெட்டும் படி. ஒவ்வொரு பெஞ்சு இறங்கும்போதும் ஒரு பக்கத்துக்கு 5 மீட்டர் உள்ளே வருகிறோம். சதுரம் பத்துப் பத்து மீட்டராகச் சுருங்குகிறது. எட்டாவது பெஞ்சில், அதாவது 40 மீட்டர் ஆழத்தில், தரை வெறும் 15க்கு 15 மீட்டர். அதற்குக் கீழே டிப்பர் திரும்பக்கூட இடம் இருக்காது. டிப்பர் இறங்கி ஏறும் சரிவுப் பாதையான ரேம்பைச் சேர்த்தால் நடைமுறையில் அதற்கு முன்பே நிறுத்த வேண்டியிருக்கும்.

இப்படி வெட்டினால் மொத்தக் கொள்ளளவு 1,21,000 கன மீட்டர். அதே சதுரத்தைப் பெஞ்சு இல்லாமல் செங்குத்தாக 40 மீட்டர் இறக்கினால் 2,89,000 கன மீட்டர். வித்தியாசம் 1,68,000 கன மீட்டர், ஏறக்குறைய 4.4 லட்சம் டன் கல். பெஞ்சு ஏன் காகிதத்திலேயே நின்றுவிடுகிறது என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை. பெஞ்சு விட்டு வெட்டுவது என்பது, எடுக்கக்கூடிய கல்லில் பாதிக்கு மேல் சுவரிலேயே விட்டுவிட்டு வருவது.

இனி இந்தச் செங்குத்துச் சுவரைக் கடைசியில் சரிசெய்யலாம் என்று ஒருவர் நினைக்கட்டும். 40 மீட்டர் சுவரைப் பெஞ்சு வடிவத்துக்குக் கொண்டுவர, மேல் விளிம்பு 35 மீட்டர் வெளியே நகர வேண்டும். கையில் இருப்பது 7.5 மீட்டர். மீதி 27.5 மீட்டர் பக்கத்து விவசாயியின் நிலம். ஆகவே அது முடியாது. கீழிருந்து மண் கொட்டிச் சுவருக்கு முட்டுக் கொடுக்கலாம். அதற்கான மண் அங்கே இல்லை. குழியின் கடைசி வடிவம் முதல் பெஞ்சின் வெளி விளிம்பு எங்கே வெட்டப்படுகிறது என்பதிலேயே முடிவாகிறது. வேலை தொடங்கிய முதல் சில மாதங்களில் அந்த விளிம்பு வெட்டுப்பட்டுவிடும்.

2022 மே மாதம் திருநெல்வேலி மாவட்டம் அடைமிதிப்பான்குளத்தில் ஆழமான குவாரிக்குள் பாறை சரிந்து தொழிலாளர்கள் சிக்கினார்கள். நான்கு பேர் இறந்தார்கள். வேலை நடக்கும்போதே ஆபத்தான சுவர், ஆள் போனபின் காவலுமில்லாத ஆபத்து. அதனால்தான் பெஞ்சை ஓர் அனுமதி நிபந்தனையாக மட்டும் பார்க்கக் கூடாது என்கிறோம்.

எப்போது எழுதுவது: மூன்று வழிகள்

முதல் வழி, கடைசியில் எழுதுவது. இரும்புத்தாது, சுண்ணாம்புக்கல் போன்ற பெருங்கனிமங்களுக்குப் பொருந்தும் கனிமப் பாதுகாப்பு மற்றும் மேம்பாட்டு விதிகள் 2017, இறுதி மூடல் திட்டத்தைச் சுரங்கம் மூடுவதற்கு இரண்டு ஆண்டு முன்பு தரச் சொல்கிறது. இந்த விதியின் நோக்கம் கடைசி நேர விவரங்களைச் சேர்ப்பதுதான். அதுவரை படிப்படியான மூடல் திட்டம் நடந்துகொண்டிருக்க வேண்டும். ஆனால் நடைமுறையில் பலர் "இன்னும் காலமிருக்கிறது" என்று இதைத் தள்ளிவிடுகிறார்கள். அந்த இரண்டு ஆண்டில் செய்யக்கூடியது வேலி, அறிவிப்புப் பலகை, கொஞ்சம் மரக்கன்று. சுவரின் சாய்வு, மேல்மண், நீர்வரத்து மூன்றும் கைவிட்டுப் போயிருக்கும்.

கோலார் தங்கவயல் இதன் பெரிய உருவம். 1880 முதல் நடந்த சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. தலைமுறைகளாக அங்கே உழைத்த தமிழ்க் குடும்பங்களின் வீட்டு வாசலில் மிஞ்சியது, தாது அரைத்துச் சயனைடு போட்டுத் தங்கம் பிரித்தபின் கொட்டிய மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்ட சக்கை மண்மேடுகள். காற்றடித்தால் தூசு தெருவுக்கு வருகிறது. மேடு எங்கே நிற்க வேண்டும், எதைக் கொண்டு மூட வேண்டும் என்பதெல்லாம் முதல் வண்டி கொட்டும்போது கேட்டிருக்க வேண்டிய கேள்விகள். அந்தக் காலத்தில் கேட்கச் சட்டம் இல்லை. இன்று இருக்கிறது.

இரண்டாவது வழி, இப்போது பரவலாக உள்ளது: சுரங்கத் திட்டத்தோடு மூடல் அத்தியாயத்தைத் தனியாக எழுதி ஒப்புதல் வாங்கிவிட்டு, அதன் பிறகு தாக்க மதிப்பீட்டைத் தொடங்குவது. முதல் வழியைவிட இது எவ்வளவோ மேல். பெஞ்சு வரைபடமாவது முன்கூட்டியே இருக்கும். குறை என்னவென்றால், மூடல் பக்கம் எழுதப்படும்போது நீர், மண், உயிரினம் எதைப் பற்றியும் அளவீடு கையில் இருக்காது. அளவீடு வந்தபின் மூடல் பக்கத்தைத் திருத்த யாரும் திரும்பிப் போவதில்லை. ஒப்புதல் பெற்ற திட்டத்தை மாற்றினால் மறுபடி ஒப்புதல் வாங்க வேண்டுமே என்ற தயக்கம்.

மூன்றாவது வழி, இரண்டையும் ஒரே அளவீட்டின் மேல் எழுதுவது. இதைத்தான் நாங்கள் பரிந்துரைக்கிறோம். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. மத்திய அரசின் 2006 செப்டம்பர் 14 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி தாக்க மதிப்பீட்டு அறிக்கையில் "மாற்றுவழிகள்" என்று ஐந்தாவது அத்தியாயம் இருக்கிறது. அதில் வழக்கமாக எழுதுவது, "கனிமம் இருக்கும் இடத்தில்தான் எடுக்க முடியும், ஆகவே மாற்றிடம் இல்லை" என்ற ஒரு வரி. இடத்துக்கு மாற்று இல்லாமல் போகலாம். குழியின் கடைசி வடிவத்துக்கு மாற்று உண்டு. 40 மீட்டர் ஆழமா, 25 மீட்டரோடு நிறுத்துவதா? நீர்த்தேக்கமா, மரம் வைத்த பெஞ்சா? இந்த ஒப்பீடு வர வேண்டிய இடம் அந்த அத்தியாயம்தான். ஆய்வு வரம்பு நிர்ணயிக்கும் கட்டத்திலேயே இதைச் சேர்க்கும்படி கேட்டு வாங்கிவிட வேண்டும்.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. 5 ஹெக்டேருக்குக் குறைந்த தனிக் குவாரிக்குப் பொதுவாக முழு மதிப்பீட்டு அறிக்கையோ கருத்துக் கேட்புக் கூட்டமோ கிடையாது. அங்கே சுற்றுச்சூழல் மேலாண்மைத் திட்டத்துக்குள்தான் மூடலைக் கொண்டுவர முடியும். அடுத்து, முப்பது ஆண்டு ஓடும் பெரிய சுரங்கத்தின் கடைசி நிலையை இன்றே துல்லியமாகச் சொல்லிவிட முடியாது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை திட்டத்தைப் புதுப்பிக்கும்போது மூடல் படமும் புதிதாக வரைய வேண்டும். ஆனால் சிறு கல்குவாரிக்கு அந்தச் சாக்கு பொருந்தாது; குத்தகைக் காலமே சில ஆண்டுகள்தான்.

ஒரே அளவீடு என்றோம். அதில் தவறவே கூடாதது கிணறு. தாக்க மதிப்பீட்டுக்கு மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவம், மூன்று மாத அளவீடு போதும் என்கிறது நடைமுறை. மூடலுக்கு அது போதாது. மழை முடிந்த ஜனவரியில் கிணற்று நீர்மட்டம் எவ்வளவு மேலே வருகிறது, மே மாதம் எவ்வளவு கீழே போகிறது என்ற இரண்டு எண்ணும் வேண்டும். சுற்றிலும் ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள கிணறுகளில் பத்துப் பன்னிரண்டைத் தேர்ந்து, கைப்பிடிச் சுவரில் பெயின்டால் ஒரு புள்ளி வைத்து, அந்தப் புள்ளியிலிருந்து மாதாமாதம் டேப் விட்டு அளக்க வேண்டும். மோட்டார் ஓடி நின்ற உடனே அளந்தால் எண் தப்பாகிவிடும். விடியற்காலையில், மோட்டார் போடும் முன் அளப்பது நல்லது. கிணற்று வாயின் கடல்மட்ட உயரத்தையும் குழி அடியின் உயரத்தையும் ஒரே சர்வேயில் எடுத்திருந்தால்தான் இரண்டையும் ஒப்பிட முடியும். இந்த ஓராண்டுத் தாள், பிற்பாடு "குவாரியால் என் கிணறு வற்றியது" என்ற வழக்கு வரும்போது இரு தரப்புக்கும் சாட்சி.

குழியை என்னவாக விடுவது

நீர்த்தேக்கம்தான் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. சென்னைக்குப் பக்கத்தில் சிக்கராயபுரம் கல்குட்டைகள் அதற்கு நல்ல பெயர் வாங்கித் தந்தன. 2017 வறட்சியில் அங்குள்ள 22 குட்டைகளிலிருந்து நாளொன்றுக்கு 3 கோடி லிட்டர் அளவில் நீர் எடுத்து, செம்பரம்பாக்கம் நிலையத்தில் சுத்திகரித்து நகரத்துக்கு விட்டார்கள். 2019இலும் அந்தக் குட்டைகள் கைகொடுத்தன. ஆனால் அங்கே பெரிய பெரிய குழிகள் அடுத்தடுத்து இருந்தன. சுத்திகரிப்பு நிலையம் அருகிலேயே இருந்தது. எல்லா ஊரிலும் அப்படி அமையாது.

நம் ஒரு ஹெக்டேர் குழிக்குத் திரும்புவோம். தமிழ்நாட்டின் சராசரி மழை ஆண்டுக்கு ஏறக்குறைய 920 மில்லிமீட்டர். 85 மீட்டர் சதுரத்தின் மேல் நேரடியாக விழுவது சுமார் 6,650 கன மீட்டர். ஆவியாதலே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் குழி நிரம்ப 18 ஆண்டு ஆகும். ஆவியாதலோ சமவெளியில் ஆண்டுக்கு ஒன்றரை மீட்டருக்குக் குறையாது, மழையைவிட அதிகம். அதனால் தன் தலையில் விழும் மழையை மட்டும் நம்பினால் குழி விளிம்புவரை ஒருநாளும் நிரம்பாது. ஒன்று, வெளியிலிருந்து வரத்து வாய்க்கால் வேண்டும். அல்லது குழி பாறை வெடிப்புகளை வெட்டி ஊற்றுநீரைத் திறந்திருக்க வேண்டும். அப்படியானால் அது சேமிப்பு இல்லை, ஊர்க் கிணறுகளுக்குப் போக வேண்டிய நீரை வெயிலில் காயவைப்பது.

வேலை நடக்கும்வரை நீரை வெளியே தள்ளிய சுற்று வாய்க்காலை, மூடும்போது உள்ளே திருப்ப வேண்டும். இந்தத் திருப்பம் எந்த இடத்தில் என்பதை ஆரம்ப வரைபடத்திலேயே குறித்து, அங்கே சரிவு சரியாக இருக்கும்படி வாய்க்காலை வெட்டியிருந்தால் அரை நாள் வேலை. இல்லையென்றால் மறுபடி சர்வே, மறுபடி தோண்டல். திருப்பும் இடத்தில் வண்டல் தொட்டி கட்டாயம். அது இல்லாமல் விட்டால் உழவு நிலத்துச் சேறு நேராகக் குழிக்குள் போகும். வரத்து எங்கே உண்டோ அங்கே மிகுநீர் வெளியேறும் கலிங்கலும் வேண்டும். கீழே இருக்கும் ஏரிக்குப் போக வேண்டிய நீரைக் குழி பிடித்துக்கொண்டால் ஆயக்கட்டுக்காரர்கள் கேட்கத்தான் செய்வார்கள். அவர்கள் கேட்பது நியாயம்.

நீர்த்தேக்கத்தைத் தேர்ந்தால் ஏறி வருவதற்கு ஒரு வழி இருக்க வேண்டும். செங்குத்துச் சுவர்க் குட்டையில் விழுந்தவர் நீச்சல் தெரிந்தும் சாவது பிடித்தேற இடமில்லாததால்தான். ரேம்பை உடைத்து அந்தக் கல்லையும் விற்றுவிடாமல், அப்படியே விட்டுவிட வேண்டும். கோடையில் நீர் எந்த மட்டத்தில் நிற்குமோ அந்த மட்டம்வரை ரேம்ப் போக வேண்டும். ஆடுமாடும் அதிலேயே இறங்கும்.

நிரப்புவது இரண்டாவது தேர்வு. நெய்வேலி போன்ற பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் இது இயல்பு. மேலிருந்து அகற்றும் மண்ணின் அளவு மிகப் பெரிது, முன்னால் வெட்டி வெட்டிப் பின்னால் நிரப்பிக்கொண்டே போகிறார்கள். அங்கேயும் கடைசியில் ஒரு பள்ளம் மிஞ்சும். கல்குவாரியில் கதை தலைகீழ். மேலே 2 மீட்டர் மண்ணும் சிதைந்த பாறையும் இருந்தால் மொத்தம் 14,450 கன மீட்டர். தோண்டியதும் உப்பிக் கால்பங்கு கூடும் என்று வைத்தாலும் 18,000. குழியில் ஆறில் ஒரு பங்குகூட நிரம்பாது. முழுவதும் நிரப்ப வெளியிலிருந்து வாங்கினால் 10 கன மீட்டர் டிப்பரில் பத்தாயிரம் லோடுக்கு மேல். நாளுக்கு 20 லோடு வந்தாலும் ஒன்றரை ஆண்டு. அந்த மண் இன்னொரு ஏரியிலோ குன்றிலோ தோண்டியதாகத்தான் இருக்கும்.

"நிரப்பப்படும்" என்று மட்டும் எழுதி, எதனால் என்று எழுதாத திட்டத்தை ஒப்புக்கொள்ளவே கூடாது. அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் நகரக் குப்பையும் ஆலைக் கழிவும் இரவில் வந்து இறங்குகின்றன. அனல்மின் நிலையச் சாம்பலை நிரப்ப 2021 டிசம்பர் 31 அறிவிக்கை சில நிபந்தனைகளோடு வழிவிடுகிறது. ஆனால் பாறை வெடிப்பு வழியாக நீர் நடமாடும் குழியில் சாம்பலைப் போட்டால் அதிலுள்ள கன உலோகங்கள் கிணற்றுக்கு வரும் வாய்ப்பு உண்டு. கிணற்று அளவீடு இல்லாமல் இந்தத் தேர்வைத் தொடவே வேண்டாம்.

மூன்றாவது, பெஞ்சுகளில் மரம் வைத்து, அடியை யாரும் தொடாமல் அப்படியே விட்டுவிடுவது. நீர்வரத்து இல்லாத பெரும்பாலான மேட்டுநிலக் குவாரிகளுக்கு இதுவே சரியென்று நினைக்கிறோம். 2020 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம், சுரங்கம் முடிந்த நிலத்தில் தீவனமும் செடிகொடியும் வளரும்படி மீண்டும் புல் முளைக்கச் செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டதும் இந்தத் திசையைத்தான் காட்டுகிறது.

இதற்கு உயிர்நாடி மேல்மண். அரை மீட்டர் மேல்மண் என்றால் நம் குழியில் 3,600 கன மீட்டர் கிடைக்கும். ஏழு பெஞ்சுப் படிகளின் மொத்தப் பரப்பு 7,000 சதுர மீட்டர். அரை மீட்டர் கனத்துக்குப் பரப்ப 3,500 தேவை. கச்சிதமாகப் போதும், ஒரு லோடுகூட வெளியே போகாமலிருந்தால். ஆனால் முதல் ஆண்டிலேயே மேல்மண்ணும் கிராவலும் விற்றுப்போவது வழக்கமாகிவிட்டது. இன்னொரு முட்டுக்கட்டை, எங்கே குவிப்பது? 7.5 மீட்டர் இடைவெளிப் பட்டையின் மொத்தப் பரப்பு 2,775 சதுர மீட்டர். 2 மீட்டர் உயரத்தில் குவித்தால் 1,800 சதுர மீட்டருக்கு மேல் பிடிக்கும். மதிப்பீட்டு அறிக்கையோ (சிறு தனிக் குவாரி என்றால் மேலாண்மைத் திட்டமோ) அதே பட்டையில் பசுமை வளையம் வளர்ப்பதாகச் சொல்லியிருக்கும். ஒரே இடத்தை இரண்டு காகிதங்கள் இரண்டு தடவை செலவழித்துவிட்டன. சேர்த்து எழுதினால் வழி கிடைக்கும்: மேல் பெஞ்சை முதல் ஆண்டிலேயே கடைசி விளிம்புவரை முடித்து, 1,600 சதுர மீட்டர் படியில் 800 கன மீட்டர் மண்ணை நேரே பரப்பிவிடலாம். மீதியைப் பட்டையின் ஒரு பக்கம் மட்டும் குவித்து, கொழிஞ்சியோ சணப்போ விதைத்து வைத்தால் மண் சாகாது. மூடாமல் நெடுநாள் கிடக்கும் உயரக் குவியல் உள்ளே உயிரற்றுப் போகும்.

படியின் வெளி ஓரத்தில் கற்களை அடுக்கி முழங்கால் உயர வரப்புக் கட்டாவிட்டால் முதல் வடகிழக்குப் பருவமழையில் மண் முழுக்கக் கீழே போய்விடும். வேம்பு, புங்கன், இலுப்பை வரும்; பாறை இடுக்கில் அத்தியும் ஆலும் தானாகவே பிடிக்கும். இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்ற யார், எந்தப் பாதையில் டேங்கரைக் கொண்டுபோவது என்பதும் திட்டத்தில் வேண்டும். படிக்கு டேங்கர் போக வழியில்லையென்றால் கன்று கணக்கில் மட்டும் இருக்கும். கடைசி விளிம்புக்கு அருகே வெடி வைக்கும்போது துளைகளை நெருக்கி மருந்தைக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் மிஞ்சும் சுவர் உள்ளுக்குள் விரிசல் விட்டு, மழைக்கு மழை உதிரும்.

பக்கத்தில் பக்கத்தில் குவாரிகள் இருந்தால் விஷயம் மாறும். 500 மீட்டருக்குள் உள்ளவற்றைத் தொகுப்பாகக் கணக்கிட்டு, மொத்தம் 5 ஹெக்டேரைத் தாண்டினால் முழு மதிப்பீடும் கருத்துக் கேட்பும் வரும். ஆனால் மூடல் திட்டம் மட்டும் ஆளுக்கு ஒன்றாகவே நிற்கிறது. இரு குவாரிக்கும் நடுவே 7.5 கூட்டல் 7.5, மொத்தம் 15 மீட்டர் தடுப்பு. இருவரும் செங்குத்தாக இறங்கினால் 15 மீட்டர் தடிமனில் 40 மீட்டர் உயர மதில் தனியாக நிற்கும். ஒரு பக்கம் நீரும் மறுபக்கம் வெறுமையும் இருந்தால் அந்த மதிலின் நிலை என்னவென்று யாரும் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள். தொகுப்புக்கு ஒரே மூடல் வரைபடம் கேட்பது இதனால்தான்.

பணம்

பெருங்கனிமத்துக்கு நிதி உத்தரவாதம் 2021 திருத்தத்தில் ஹெக்டேருக்கு ஏ பிரிவுக்கு (பெரிய, இயந்திரமயச் சுரங்கம்) 3 லட்சத்திலிருந்து 5 லட்சமாகவும், பி பிரிவுக்கு (மற்றவை) 2 லட்சத்திலிருந்து 3 லட்சமாகவும் உயர்ந்தது. நிலக்கரிக்குத் தனி எஸ்க்ரோ கணக்கு, அதாவது மூடலுக்கென்றே பூட்டி வைக்கும் வங்கிக் கணக்கு. சாதாரணக் கல் சிறுகனிமம் என்பதால் இந்த விதிகள் நேரடியாகப் பொருந்தாது. மூடல் செலவு என்று திட்டத்தில் எழுதும் தொகைதான் முக்கியப் பிடி. அதனால் "மூடல் செலவு இவ்வளவு லட்சம்" என்ற ஒற்றை எண்ணை ஏற்கக் கூடாது. அளவுகளைக் கேளுங்கள்: 400 மீட்டர் சுற்றுக்கு எத்தனை கன மீட்டர் கல்வரப்பு, எத்தனை கன மீட்டர் மண் பரப்பல், எத்தனை கன்று, எத்தனை டேங்கர். அளவு இருந்தால் பொதுப்பணித் துறை விலைப்பட்டியலை வைத்து யார் வேண்டுமானாலும் பெருக்கிப் பார்க்கலாம். கம்பி வேலியை மட்டும் நம்ப வேண்டாம். அது பழைய இரும்புக்குப் போய்விடும். ஒன்றரை மீட்டர் உயரம், அடியில் 4 மீட்டர் அகலக் கல்வரப்புக்கு 1,500 கன மீட்டர் சிதைபாறை போதும். அதுவும் முதல் ஆண்டில் மேலிருந்து வருவதுதான். ஒதுக்கி வைத்தால் செலவில்லை.

கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு முன்

கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பு அறிவிப்பு வர வேண்டும். வரைவு அறிக்கை கலெக்டர் அலுவலகத்திலும் உள்ளாட்சி அலுவலகத்திலும் பார்வைக்கு இருக்கும், தமிழ்ச் சுருக்கமும் இருக்கும். சுருக்கத்தோடு நின்றுவிடாமல் சுரங்கத் திட்டத்தின் மூடல் வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். இரண்டிலும் ஐந்து எண்களைச் சரிபாருங்கள்: கடைசி ஆழம், கிணற்று நீர்மட்டம், மேல்மண் கன மீட்டர், பசுமை வளையப் பரப்பு, மூடல் தொகை. எங்கே ஒத்துப்போகவில்லையோ அதைப் பக்க எண்ணோடு எழுத்தில் கொடுங்கள். கூட்டம் முழுவதும் வீடியோ எடுக்கப்படும். எழுந்த கருத்துகளை முடிவில் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். உங்கள் கேள்வி அந்த வாசிப்பில் வராவிட்டால் அங்கேயே எழுந்து சொல்லிச் சேர்க்கச் செய்யலாம். அனுமதி வந்தபின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஜூன் 1, டிசம்பர் 1 என்று, நிபந்தனைகளைப் பின்பற்றியதைக் காட்டும் இணக்க அறிக்கை தர வேண்டும். முதல் டிசம்பர் அறிக்கையில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: மேல் பெஞ்சின் வெளி விளிம்பு வரைபடத்தில் உள்ள இடத்தில் நிற்கிறதா, அதன் மேல் மண் போட்டிருக்கிறதா.